பூக்கும் மாதத்தை எண்ணி விதை போடுங்கள்: வன்னி வளவில் மிளகாயும் குடைமிளகாயும்

வன்னியில் மிளகாய்க் கன்று நிற்காத வளவு அரிது. கிணற்றடியில் இரண்டு, குசினிக்குப் பின்னால் மூன்று, யாருமே நடாமல் வேலியோரம் தானாக முளைத்த ஒன்று என்று எப்படியும் நிற்கும். குடைமிளகாயின் கதை வேறு. சந்தையில் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்ப வைக்கிறோம். ஒருநாள் ஆசைக்கு வாங்கி வந்தால், விதையை எறிய மனமில்லாமல் ஒரு சட்டியில் போடுகிறோம். கன்று செழித்து வளர்கிறது, பூக்கிறது, பிறகு பூவெல்லாம் நிலத்தில் கிடக்கிறது. "உது மலைநாட்டுச் சாமான், எங்கட வெயிலுக்குச் சரிவராது" என்று யாராவது சொல்ல, நாமும் அதோடு விட்டுவிடுகிறோம்.

கிளிநொச்சிப் பக்கம் எங்கள் வளவிலும் இதுதான் நடந்தது. மாசித் தொடக்கத்தில் விதை போட்டுப் பத்துக் கன்று வைத்தேன். இலை உள்ளங்கை அகலம், தண்டு பெருவிரல் தடிப்பு. சித்திரைக் கடைசியில் வெள்ளை வெள்ளையாகப் பூத்தது. முற்றம் கூட்டும்போது காம்போடு உதிர்ந்த பூக்கள்தான் விளக்குமாற்றோடு வந்தன. எரு போட்டேன், சாம்பல் போட்டேன், தண்ணீரைக் கூட்டினேன், குறைத்தேன். ஒரு காய் நிற்கவில்லை. மண்ணைத்தான் குறை சொன்னேன். அடுத்த வருடம் அதே விதைப் பையில் மிஞ்சியதைப் புரட்டாசிக் கடைசியில் போட்டேன். அதே மண், அதே கிணற்றுத் தண்ணீர். தை பிறந்தபோது ஏழு கன்றில் காய் தொங்கியது. பிழை நான் விதை போட்ட மாதத்தில் இருந்திருக்கிறது.

இது ஏன் என்று விளங்கிவிட்டால் மற்றதெல்லாம் சின்ன வேலை. அதனால் முதலில் செடியைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம்.

உறைப்பு மிளகாயும் கறிமிளகாயும் குடைமிளகாயும் ஒரே இனச் செடி. தாவரவியலில் மூன்றுக்கும் கப்சிகம் அன்னுவம் என்றுதான் பெயர். கத்தரி, தக்காளி, உருளைக்கிழங்கு, புகையிலை எல்லாம் இதன் சொந்தக்காரர்கள். அதனால்தான் கத்தரி நின்று பட்ட பாத்தியில் உடனே மிளகாய் வைக்க வேண்டாம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஒன்றைப் பிடித்த வாடல் நோய் மண்ணில் கிடந்து மற்றதையும் பிடிக்கும். மிளகாயின் பிறந்த ஊர் அமெரிக்கக் கண்டம். 1505இல் போர்த்துக்கேயர் இலங்கைக்கு வருமுன் நம் குசினியில் உறைப்புக்கு இருந்தது மிளகுதான். மிளகைப் போல் உறைக்கிற காய் வந்து சேர்ந்ததும் மிளகு + காய் = மிளகாய் என்று பெயர் வைத்துக்கொண்டோம். அந்தச் சொல்லுக்குள்ளேயே அதன் வரலாறு இருக்கிறது.

பெயரில் ஒரு சிக்கல் உண்டு, விதைக் கடைக்குப் போகுமுன் அதைத் தெரிந்துகொள்ளுங்கள். இங்கே 'கப்சிகம்' என்று கேட்டால் வெளிர்பச்சையில் நீளமாக இருக்கும் கறிமிளகாய் விதையைத்தான் தருவார்கள். நாலு மூலையும் உருண்டு, சதை தடித்த குடைமிளகாய் வேண்டுமென்றால் 'பெல் பெப்பர்' என்று கேளுங்கள். தமிழ்நாட்டு வீடியோக்களில் கப்சிகம் என்றாலே குடைமிளகாய்தான். அதைப் பார்த்துவிட்டு இங்கே கடைக்குப் போகிறவர்கள் மாறி வாங்கி வருவதுண்டு.

சரி, ஒரே செடி என்றால் ஒன்று ஏன் உறைக்கிறது, ஒன்று ஏன் இனிக்கிறது? உறைப்பைத் தருவது கப்சைசின் என்ற பொருள். அது உருவாவது விதையில் அன்று. மிளகாயை நீளவாட்டில் பிளந்தால், விதைகள் ஒட்டிக்கொண்டிருக்கும் வெள்ளைச் சதை தெரியும். பள்ளிக்கூடப் புத்தகத்தில் இதைச் சூல்வித்தகம் என்பார்கள். உறைப்பு ஊறுவது அங்கேதான். விதை அதில் ஒட்டியிருப்பதால் அதன் மேலும் படிகிறது. கறிக்குப் போடும்போது உறைப்பைக் குறைக்க விரும்பினால் விதையை மட்டும் தட்டிவிட்டுப் பயனில்லை, அந்த வெள்ளைச் சதையையும் வழித்தெடுங்கள். குடைமிளகாயில் கப்சைசினை உண்டாக்கும் மரபணு வேலை செய்யாமல் போய்விட்டது. வெள்ளைச் சதை இருக்கும், உறைப்பு மட்டும் இருக்காது. உறைப்பை அளக்க 1912இல் வில்பர் ஸ்கோவில் என்ற மருந்தாளர் ஒரு முறை கண்டுபிடித்தார். மிளகாய்ச் சாற்றை எத்தனை மடங்கு சர்க்கரைத் தண்ணீரில் கரைத்தால் நாக்கில் உறைப்பே தெரியாமல் போகும் என்பதுதான் அந்தக் கணக்கு. அதில் குடைமிளகாய் 0. கண் எரிய வைக்கும் சின்ன ஊசி மிளகாய் 50,000க்கு மேலே போகும்.

வேலியோரம் தானாக முளைக்கும் கன்றுக்கும் விடை இங்கேதான் இருக்கிறது. சூட்டை உணர நம் நரம்பில் ஒரு வாசல் இருக்கிறது. கப்சைசின் அந்த வாசலைத் திறந்துவிடுகிறது. அதனால்தான் மிளகாய் கடித்தால் சுட்டது போல் எரிகிறது. இதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பாலூட்டிகள் அநேகமாக எல்லாவற்றுக்கும் இப்படித்தான். பறவைகளின் நரம்பு மட்டும் கப்சைசினைக் கண்டுகொள்வதில்லை. மைனாவும் புலுனியும் பழுத்த ஊசி மிளகாயை விழுங்கிவிட்டுக் கதியாலில் வந்து குந்தும். எச்சத்தோடு விதை விழும், மாரி மழைக்கு முளைக்கும். மயிலும் அப்படித்தான், உறைப்பு என்று விட்டுவைக்காது. பழம் பழுக்கும்போது ஒரு வலை போட்டு மூடுவது நல்லது.

இன்னொரு பயத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். கறிமிளகாய்க்குப் பக்கத்தில் நான் உறைப்பு மிளகாய் வைத்தபோது அயல்வீட்டு அக்கா ஓடி வந்தார். "தம்பி, இரண்டையும் கிட்டக் கிட்ட வைக்காதேங்கோ, கறிமிளகாயிலையும் உறைப்பு ஏறிப்போடும்." ஊரில் எல்லோரும் சொல்வதுதான். அதில் பாதி உண்மை இருக்கிறது. தேனீ உறைப்பு மிளகாயின் மகரந்தத்தைக் கொண்டுவந்து கறிமிளகாய்ப் பூவில் வைத்தாலும், அந்தப் பூ தருகிற காய் தாய்ச்செடியின் உடம்புதான். தோல், சதை, சூல்வித்தகம் எல்லாம் தாயுடையவை. கலப்பு நடப்பது உள்ளே இருக்கும் விதையில் மட்டும். ஆகவே இந்த வருடக் காயில் உறைப்பு ஏறாது. அந்த விதையை எடுத்து அடுத்த வருடம் நட்டால் வரும் கன்றில்தான் உறைக்கும் காய் வரலாம். அக்கா கண்டதும் அதுவாகத்தான் இருக்க வேண்டும். ஒவ்வொரு வருடமும் தன் விதையையே எடுத்துப் போடுகிறவர் அவர். சமைக்க மட்டும் என்றால் பக்கத்தில் வையுங்கள். விதைக்கு வேண்டுமென்றால், பூ விரியுமுன் ஒரு சின்ன மெல்லிய துணிப் பையைக் கட்டிவிட்டு, காய் பிடித்ததும் பையை எடுத்துக் காம்பில் நூல் கட்டி அடையாளம் வையுங்கள். மிளகாய்ப் பூ தன்னைத்தானே கருக்கட்டிக்கொள்ளும், தேனீ இல்லாமலும் காய்க்கும்.

பூ ஏன் கொட்டுகிறது

மகரந்தம் உருவாகும் நாட்களில் வெயில் கடுமையாக இருந்தால் அது உயிரற்றுப் போகிறது. கருக்கட்டாத பூவைச் செடி வைத்துக்கொண்டிருக்காது. காம்பின் அடியில் ஒரு மெல்லிய வெட்டுப்படலம் உருவாகிப் பூ உதிர்ந்துவிடும். குடைமிளகாய்க்குப் பகலில் 32 பாகை செல்சியஸைத் தாண்டினால் கஷ்டம். அதைவிட முக்கியம் இரவு. இரவு 24 பாகைக்குக் கீழே இறங்காவிட்டால் பூ நிற்பது சிரமம். பகல் சூட்டைத்தான் எல்லோரும் பார்க்கிறோம். நிழல் வலை கட்டிப் பகலைக் குறைத்துவிடலாம், இரவை நாம் எதுவும் செய்ய முடியாது.

வன்னியில் சித்திரையிலிருந்து ஆவணி வரை இரவும் புழுக்கம்தான். வெப்பமானி 25 பாகைக்குக் கீழே இறங்கப் பஞ்சிப்படும். மார்கழி, தை மாதங்களில் மட்டும் விடியப்புறம் 21, 22 பாகை வரை குளிரும், போர்வை தேடுவோம். நுவரெலியாக் குளிர் இல்லைத்தான். அங்கும் வெலிமடை, பண்டாரவளைப் பக்கமும் கூடாரத்துக்குள் வளரும் குடைமிளகாயின் பருமன் நமக்கு வராது. ஆனால் கறிக்கும் சம்பலுக்கும் போதுமான காய் நிச்சயம் வரும். அந்த இரண்டு மாதம்தான் குடைமிளகாய்க்கு வன்னியில் திறக்கும் கதவு.

உறைப்பு மிளகாய் இவ்வளவு நொய்மையானது இல்லை. பொதுவாகக் காய் சின்னதாக இருக்க இருக்கச் சூட்டைத் தாங்கும் பலம் கூடும். ஊசி மிளகாய் வருடம் முழுக்கக் காய்க்கும். செத்தலுக்கு வைக்கும் நீள மிளகாயும் நன்றாகவே தாங்கும். கறிமிளகாய் நடுவில் நிற்கும், கடும் வெயிலில் காய் குறையும், ஆனால் கைவிடாது. உறைப்பு மிளகாய்க்கு இந்த மண் எவ்வளவு பொருத்தம் என்பதற்கு வன்னியின் வரலாறே சாட்சி. 1970க்கும் 1977க்கும் இடையில் வெளிநாட்டு மிளகாய் இறக்குமதியை அரசு இறுக்கியபோது, விசுவமடு, முத்தையன்கட்டுப் பக்கம் செத்தல் மிளகாய் குடும்பங்களை நிமிர்த்தியது. கல்வீடு கட்டினார்கள், உழவு இயந்திரம் வாங்கினார்கள். 1977இல் இறக்குமதி திறந்துவிடப்பட்டதும் விலை விழுந்தது. அந்தக் காலத்தைக் கண்ட ஐயாமார் இன்னும் இருக்கிறார்கள். மிளகாய்க் கன்றைத் தடவிப் பார்த்தே என்ன குறை என்று சொல்லுவார்கள். அவர்களிடம் கேட்டுப் பழகுங்கள், எந்தப் புத்தகத்திலும் இல்லாத விஷயம் கிடைக்கும்.

பின்னாலிருந்து எண்ணுவது

விதை போடும் நாளைப் பூக்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணிக் கண்டுபிடிக்க வேண்டும். குடைமிளகாய் விதை முளைத்து நடும் அளவுக்கு வர 5, 6 கிழமை ஆகும். நட்டுப் பூக்க இன்னும் 5 கிழமை அளவில். மொத்தம் 75 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் கடைசியில் பூக்க வேண்டும். 75 நாள் பின்னால் போனால் ஒக்டோபர் நடுப்பகுதி, அதாவது புரட்டாசிக் கடைசி. அந்தக் கிழமை விதை போட்டால் மார்கழி நடுவிலிருந்து தைக் கடைசி வரை நல்ல இரவுகளில் பூ விரியும். ஒரு மாதம் பிந்தினாலும் பாதிக் காலம் கையை விட்டுப் போய்விடும்.

உறைப்பு மிளகாய்க்கு இவ்வளவு கணக்கு வேண்டாம். காலபோகத்தோடு ஆவணிக் கடைசியில் நாற்றுப் போடலாம். கிணற்றில் தண்ணீர் நிற்குமென்றால் மாசியில் போட்டுப் பங்குனியில் நட்டு, சிறுபோகத்திலும் எடுக்கலாம். விதைக்கு எம்.ஐ. 2 போன்ற பழைய இனங்கள் வீட்டுக்கு நல்லவை. எம்.ஐ. என்ற எழுத்துகள் விவசாய ஆராய்ச்சி நிலையம் இருக்கும் மகாஇலுப்பள்ளத்தைக் குறிக்கின்றன. அதுவும் நம்மைப் போல வரண்ட வலயம். கறிமிளகாயில் ஹங்கேரியன் யெலோ வாக்ஸ், சி.ஏ. 8 இரண்டும் கிடைக்கும். குடைமிளகாயில் கலிபோர்னியா வொண்டர் பழைய இனம், அதன் விதையை எடுத்துத் திரும்பப் போடலாம். சந்தையில் வாங்கிய குடைமிளகாயின் விதை பெரும்பாலும் கலப்பினத்துடையது. அது தாயைப் போலவே வரும் என்று நம்ப முடியாது. பச்சைக் காய் என்றால் விதை முற்றியிருக்கவும் மாட்டாது.

நாற்றுக்குப் பெரிய மேடை தேவையில்லை. யோகட் கோப்பைகளின் அடியில் சூடாக்கிய ஆணியால் மூன்று துளை போட்டு, அரித்த மண்ணும் உக்கிய மாட்டெருவும் தும்புத்தூளும் கலந்து நிரப்புங்கள். நிரப்புமுன் மண்ணில் கொதிநீர் ஊற்றி ஆறவிட்டால், கன்று அடியில் கறுத்துச் சாய்கிற அழுகல் குறையும். கமக்காரர்கள் மேடையில் வைக்கோலும் உமியும் பரப்பி எரிப்பது இதே காரணத்துக்காகத்தான். விதை அரைச் சென்ரிமீற்றர் ஆழத்தில் கிடந்தால் போதும். 7 முதல் 10 நாளில் முளைக்கும். நீருக்குப் பூவாளி பாவியுங்கள், வாளியால் ஊற்றினால் விதை ஓடிவிடும். நடுவதற்கு ஒரு கிழமை முன்னர் தண்ணீரைக் கொஞ்சம் குறைத்து, கன்றுகளை வெயிலுக்குப் பழக்குங்கள். நடுவது பின்னேரம், வெயில் தாழ்ந்த பிறகு.

இங்கே ஒரு கஷ்டம் வரும். புரட்டாசிக் கடைசியில் போட்ட விதை நடுகைக்கு வருவது கார்த்திகையில். வன்னியில் அடைமழை கொட்டும் மாதமும் அதுதான். மிளகாய் வேர் தண்ணீருக்குள் நிற்காது. ஒரு நாள் முழுக்க வெள்ளம் நின்றாலே இலை தொங்கிவிடும். அதனால் குடைமிளகாயை நான் நிலத்தில் வைப்பதில்லை. 10 கிலோ அரிசிப் பை அல்லது பாதியாக மடித்த உரப்பை, அடியில் துளைகள், இரண்டு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு எரு, ஒரு பங்கு கழுவிய தும்புத்தூள். அடைமழைக்குத் தாழ்வாரத்துக்கு இழுத்துவிடலாம், வெளித்ததும் முற்றத்துக்கு. ஆறு மணித்தியால வெயிலாவது வேண்டும். உறைப்பு மிளகாயை நிலத்தில் வைக்கலாம், ஆனால் ஒரு சாண் உயர்த்திய பாத்தியில், வரிசைக்கு 60 சென்ரிமீற்றர், கன்றுக்கு 45 சென்ரிமீற்றர் இடைவெளியில். முருங்கன் பக்கத்துக் கறுப்புக் களியில் இருப்பவர்கள் மணலும் எருவும் தாராளமாகக் கலக்க வேண்டும். முல்லைத்தீவுக் கரையோர மணலில் இருப்பவர்களுக்கு எரு மட்டும் நிறைய வேண்டும். கோடையில் கிணறு உவர்க்கிற இடமென்றால் அந்தத் தண்ணீரை மிளகாய்க்கு ஊற்ற வேண்டாம், உப்பு அதற்குப் பிடிக்காது.

குடைமிளகாயில் தண்டு கவராகப் பிரியும் இடத்தில் வரும் முதல் பூவைக் கிள்ளிவிடுங்கள். மனம் வராது, ஆனாலும் கிள்ளுங்கள். அது காயானால் செடி சின்னதாக இருக்கும்போதே முழுச் சத்தையும் அதற்குக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். ஒரு தடியும் ஊன்றிக் கட்டுங்கள், காய்ப் பாரத்தில் கிளை பளக்கென்று முறியும். யூரியா கூடினால் இலை கறுகறுவென்று வரும், பூ குறையும். வீட்டுச் செடிக்கு இரண்டு கிழமைக்கு ஒருமுறை உக்கிய எரு ஒரு கைப்பிடி போதும்.

தண்ணீரில் அளவைவிட ஒழுங்கு முக்கியம். இரண்டு நாள் காயவிட்டு மூன்றாம் நாள் குளிக்க வார்த்தால் காயின் அடியில் கறுத்துக் குழி விழும். நோய் என்று நினைத்து மருந்தடிப்பார்கள். உண்மையில் அது கல்சியம் போய்ச் சேராத குறை. கல்சியம் தண்ணீரோடுதான் ஏறும், தண்ணீர் நின்று நின்று போனால் காயின் நுனி வரை அது எட்டாது. வைக்கோலோ கிளிறிசிடியா இலையோ அடியில் பரப்பிவிட்டால் ஈரம் சீராக நிற்கும். சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் இது இல்லாமல் மிளகாய் வளர்ப்பது வீண் பாடு.

இலைச்சுருளைக் கண்டு பயப்படாதவர் இல்லை. இலையைத் திருப்பிப் பாருங்கள். ஓரம் மேல்நோக்கிச் சுருண்டால் பெரும்பாலும் பனிப்பூச்சி, கீழ்நோக்கிக் கவிழ்ந்தால் சிற்றுண்ணி. இரண்டுக்கும் 50 கிராம் வேப்பம் பருப்பை இடித்து ஒரு லீற்றர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவிட்டு, வடித்து, துளி சவர்க்காரம் கரைத்து, பின்னேரத்தில் இலையின் அடிப்புறம் படும்படி அடியுங்கள். ஐந்தாறு நாளில் திரும்ப ஒருமுறை. இலை மஞ்சளும் பச்சையுமாகி, செடி குறண்டி நின்றால் அது வைரசு. அதற்கு மருந்தில்லை. பிடுங்கி எரித்துவிடுங்கள், வெண் ஈ அதை அடுத்த செடிக்குக் கொண்டு போகுமுன்.

குடைமிளகாய் பூத்து 4, 5 கிழமையில் பச்சையாகப் பிடுங்கலாம். சிவக்க விட்டால் இன்னும் மூன்று கிழமை. இனிப்பும் விற்றமின் சியும் அப்போதுதான் கூடும். மாசி வெயிலில் காயின் ஒரு பக்கம் வெளுத்து வெந்தது போலாகும், அதற்குக் கிடுகு ஒன்றைச் சாய்த்து நடுப்பகல் நிழல் கொடுங்கள். உறைப்பு மிளகாயைப் பிடுங்கப் பிடுங்கத்தான் பூ வரும். மிஞ்சினால் மோர்மிளகாய்க்கு இருக்கவே இருக்கிறது. பிடுங்கிய கை எரிந்தால் தேங்காய் எண்ணெய் பூசித் துடைத்துவிட்டுச் சவர்க்காரம் போடுங்கள், கப்சைசின் வெறும் தண்ணீரில் கரையாது.

பங்குனிக் கடைசியில் குடைமிளகாய் மறுபடி பூவைக் கொட்டத் தொடங்கும். அந்தப் பைகளின் மண்ணைக் கத்தரி, தக்காளி தவிர்ந்த ஏதாவதற்கு, கீரைக்கோ பயற்றைக்கோ கொடுத்துவிடலாம். உறைப்பு மிளகாயைப் பிடுங்க வேண்டாம். முழங்கால் உயரத்துக்கு வெட்டி, அடியில் எரு போட்டுத் தண்ணீர் விட்டால் துளிர்த்து, சிறுபோகத்தில் இன்னொரு முறை காய்க்கும்.